ஒடைக்காதான்

சிறுமலையிலிருந்து தெற்கே இறங்கும் ஓடையை ஒட்டிக் கல்லுப்பொட்டல் என்று ஓர் ஊர் இருக்கிறது. அந்த ஊரில் பூட்டை உடைக்கிற குருவிக்கு ஒடைக்காதான் என்று பெயர். வெளியூர்க்காரர்கள் கேட்டால் சிரிக்கிறார்கள். திண்டுக்கல் பூட்டையே வேப்பங்கொட்டை மாதிரிக் கடித்துத் துப்புகிற குருவிக்கு எந்த மடையன் இப்படிப் பேர் வைத்தான் என்று கேட்கிறார்கள். மடையன் யாரும் வைக்கவில்லை. நாகஜோதி என்ற பெண் ஆற்றாமையில் கத்தியதை ஊர் பேராக எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

அந்த வருஷம் தை மாசம் வாடைக்காற்றோடு குருவிகள் வந்தன. மேலெல்லாம் சாம்பல் நிறம், தொண்டையில் மட்டும் செங்கல் பொடியைத் தடவியது மாதிரி ஒரு சிவப்பு, உடம்புக்குப் பொருந்தாமல் முகத்தில் பாதியை அடைத்துக்கொண்ட ஒரு தடித்த அலகு, அந்த அலகிலிருந்து வருமென்று யாரும் நினைக்காத அளவுக்கு மெல்லிய பாட்டு. முதலில் பால் சொசைட்டியின் பூட்டில் ஒன்று வந்து உட்கார்ந்தது. கழுத்தைச் சாய்த்து இந்தக் கண்ணால் ஒருமுறை, அந்தக் கண்ணால் ஒருமுறை பார்த்தது. பிறகு வளையத்தை அலகின் ஓரத்தில் வாங்கி, கிளி மிளகாய் விதையை உருட்டுவதுபோல் கொஞ்சம் உருட்டி, கடக்கென்று கடித்தது. பூட்டு இரண்டாகக் கீழே விழுந்தது. பால் ஊற்ற வந்த பெண்கள் எடுத்துப் பார்த்தபோது உள்ளே இருக்க வேண்டிய பித்தளைத் தகடு, சுருள், ஆணி எதுவும் இல்லை. பருப்பைத் தின்றுவிட்டுப் போட்ட கடலைத் தோடு மாதிரி வெறும் ஓடு கிடந்தது.

"பாலை ஊத்துங்கத்தா, நேரமாகுது" என்றார் சொசைட்டிக்காரர். ஊற்றினார்கள்.

அதற்குப் பிறகு வீடு வீடாகப் போய் உடைத்தன. முன்வாசல் பூட்டு, பீரோவில் தொங்கிய பூட்டு, தானியக் குதிரின் பூட்டு, சைக்கிள் பூட்டு, மாரியம்மன் கோயில் கம்பிக் கதவுப் பூட்டு, பள்ளிக்கூடத்துப் பூட்டு, திருப்பூருக்குப் பஞ்சம் பிழைக்கப் போனவர்கள் துருப்பிடிக்க விட்டுப்போன பூட்டு, எல்லாவற்றையும் உடைத்தன. போலீஸ் ஸ்டேஷனில் கோழி திருடிய மாயனை உள்ளே வைத்திருந்தார்கள். குருவி வந்து அந்தப் பூட்டையும் கடித்ததும் மாயன் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றபடியே, "ஐயா, பூட்டு போச்சு" என்று சொன்னான். ஏட்டு எழுந்து வந்து பார்த்துவிட்டு, "சோறு வர்ற நேரம், எங்கயும் போயிராத" என்றார். மாயன் கதவைத் தானே இழுத்துச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தான்.

கொஞ்ச நாள் எல்லாரும் புதுப் பூட்டு வாங்கினார்கள். இரும்புக்கடை உசேனுக்கு அப்படி ஒரு வியாபாரம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. மாட்டிய பூட்டு மத்தியானம்கூடத் தாங்காது என்று தெரிந்ததும் வாங்குவதை விட்டார்கள். கயிறு கட்டினார்கள், ஆடு தின்றது. ஆணி அடித்தார்கள், சோறு வைக்க உள்ளே போக முடியவில்லை. கதவுக்கு மஞ்சள் துணி முடிந்து மாரியம்மன் மேல் ஆணை என்று சொல்லிவிட்டுக் காட்டுக்குப் போனார்கள், போன இடத்தில் வேலை ஓடாமல் பாதியில் திரும்பி வந்தார்கள். வெளியூர்ச் சொந்தக்காரர் வீட்டில் நகையைக் கொடுத்து வைத்தவர்கள் அதைத் திரும்ப வாங்குவதற்குள் சொந்தத்தையே இழந்தார்கள். காதலித்தாள் என்று அறையில் போட்டுப் பூட்டியிருந்த தன் மகள் குருவி வந்த அன்றே நடந்துபோய்க் கல்யாணம் பண்ணிக்கொண்டதால், ரைஸ் மில் தங்கராசு குருவி மேல் புகார் கொடுக்கப் போனார். பேர் என்ன போடுவது என்று ஏட்டு கேட்டார்.

பேர்தான் யாருக்கும் தெரியவில்லை. கீழத்தெருவில் பூட்டுக்கடிச்சான் என்றார்கள். மேலத்தெருவில் சாவிக்குருவி என்றார்கள். சாவிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கீழத்தெரு கேட்டது, அதில் ஒரு சண்டை நடந்தது. கடைசியில் பள்ளிக்கூடத்து எஸ்தர் டீச்சரிடம் போனார்கள். அவருக்குப் பறவைகள் என்றால் உயிர், கழுத்தில் பைனாகுலர் மாட்டிக்கொண்டு கண்மாய்க்கரையில் நடக்கிறவர். அவர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, "தடியலகன்னு போட்டுருக்கு" என்றார்.

"அப்படின்னா?"

"தடிச்ச அலகு உள்ளது. வெள்ளைக்காரன் பாஷையிலயும் அதே அர்த்தந்தான். எவனோ ஒருத்தன் மொதமொதல்ல பாத்துருக்கான், அவன் கண்ணுல அலகு பட்டுருக்கு. அதையே பேரா வச்சுட்டான்."

"அவன் வீட்டுப் பூட்டை அது கடிக்கல போல" என்றார் உசேன்.

டீச்சர் சிரித்தார். "பேரு வைக்கிறவன் தனக்கு எது உறுத்துதோ அதைத்தான் வைப்பான் பாய். உங்களுக்கு எது உறுத்துதோ அதை வைங்க." அந்தப் பேச்சு அப்படியே நின்றது. ஊரில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்று உறுத்தியது.

நாகஜோதிக்கு உறுத்தியது ஒரே ஒரு பூட்டு.

அவள் வீரசின்னுவின் மனைவி. ஓடைக்கரையில் வீரசின்னுவுக்கும் அவனுடைய அண்ணன் சவடமுத்துவுக்கும் பக்கத்துப் பக்கத்தில் நிலம், நடுவில் ரெண்டு பேருக்கும் பொதுவாக ஒரு கிணறு, கிணற்று மேட்டில் ஒரு மோட்டார் ரூம். செவ்வாயும் வெள்ளியும் தம்பி முறை, மற்ற நாளெல்லாம் அண்ணன் முறை, ஏனென்றால் அண்ணனுக்கு நிலம் கூடுதல். வீரசின்னு மஞ்சள்காமாலையில் செத்துப்போனான். கருமாதி முடிந்து பந்தக்கால் பிடுங்கிய அன்று சவடமுத்து உசேன் கடையில் ஒரே மாதிரி ரெண்டு பூட்டு வாங்கினார். ஒன்றைத் தன் வீட்டு வாசலுக்கு மாட்டினார், இன்னொன்றை மோட்டார் ரூமுக்கு மாட்டினார்.

நாகஜோதி போய்க் கேட்டாள். "செவ்வாக்கிழமை எம்முறை மாமா. சாவி குடுங்க."

"தம்பி இருந்தான், தண்ணி குடுத்தேன். தம்பி எங்க இப்ப?"

"நான் இருக்கேன்ல."

"நீ இன்னைக்கு இருப்ப, நாளைக்கு ஒங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருவ. புள்ளையா குட்டியா? போறப்ப வித்துட்டுப் போனா எவனோ ஒருத்தன் எங்கெணத்துல வந்து நிப்பான்."

"நான் எங்கயும் போகல."

"போகாம இரு. யாரு வேணாங்குறா" என்று சொல்லிவிட்டு அவர் மாட்டுக்குத் தவிடு கலக்கப் போய்விட்டார்.

அவள் ஊர்ப் பெரியவர்களிடம் போனாள். குடும்ப விஷயம் என்றார்கள். தாலுகா ஆபீஸுக்குப் போனாள். அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். அடுத்த வாரமும் அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். ஒருநாள் பொறுக்காமல் கருங்கல்லை எடுத்துப் பூட்டின் மேல் போட்டாள். பூட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, கல்தான் உடைந்தது. ஆனாலும் சவடமுத்து ஸ்டேஷனுக்குப் போனார். ஏட்டு அவளைக் கூப்பிட்டு, "இனிமே அந்தப் பூட்டை ஒடைக்க மாட்டேன்னு எழுதிக் குடு. ஒடைச்சா உள்ளதான் இருக்கணும்" என்றார். எழுதிக் கொடுத்தாள். அன்றிலிருந்து கிணற்றில் மொண்ட தண்ணீரைக் குடம் குடமாகச் சுமந்து ஊற்றிப் பார்த்தாள். குடத்துத் தண்ணீரைக் குடிக்கிற அளவுக்கு நிலம் சின்னதாக இல்லை.

அந்த வருஷம் மார்கழிப் பிறப்பில் எதிர்பாராமல் ஒரு மழை பெய்தது. அதை நம்பிச் சோளம் விதைத்தாள். சோளம் முளைத்து முழங்கால் உயரம் வந்து, இனி தண்ணீர் பாய்ச்சினால்தான் ஆகும் என்று நின்ற நேரத்தில்தான் குருவிகள் வந்தன.

எல்லாப் பூட்டும் உடைகிறது என்று கேள்விப்பட்டதும் அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மனுஷன் உடைத்தால்தானே கேஸ். குருவி உடைத்தால் யார் மேல் கேஸ் போடுவார்கள்? தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு கிணற்று மேட்டுக்குப் போய் உட்கார்ந்தாள். சவடமுத்துவின் வீட்டுப் பூட்டு முதல்நாளே உடைந்திருந்தது. அதே கடை, அதே சாதி, கூடப் பிறந்த பூட்டு. ஆகவே இதுவும் இன்றைக்கு உடையும், இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு உடையும் என்று நினைத்தாள்.

குருவி வந்தது. பூட்டின் மேல் உட்கார்ந்தது. கழுத்தைச் சாய்த்து இந்தக் கண்ணால் பார்த்தது, அந்தக் கண்ணால் பார்த்தது. குருவி அலகைப் பூட்டில் வைத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேய்த்துச் சுத்தம் பண்ணிவிட்டுப் பாட ஆரம்பித்தது. பாடி முடித்துப் பறந்துபோனது.

மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும் அப்படித்தான். ஊரில் கோயில் பூட்டை உடைத்த அலகு, ஸ்டேஷன் பூட்டை உடைத்த அலகு, உசேன் கடையில் விற்காமல் அட்டைப் பெட்டியில் கிடந்த பூட்டைக்கூடப் பெட்டியைக் கிழித்து உடைத்த அலகு, இந்த ஒரு பூட்டில் துடைத்துக்கொள்ள மட்டும் வந்தது. அவள் வீட்டிலிருந்த கடைசித் தானியத்தைக் கொண்டுவந்து பூட்டுக்குக் கீழே தூவினாள். தின்றுவிட்டுப் பாடியது. பூட்டின் மேல் நெய் தடவினாள். எறும்புதான் வந்தது. உடைந்த பூட்டு ஒன்றைப் பொறுக்கி வந்து பக்கத்தில் தொங்கவிட்டு, இதோ பார், இப்படித்தான், இப்படித்தான் செய்யணும் என்று காட்டினாள். அவளைப் பார்த்துத் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டது. கும்பிட்டுப் பார்த்தாள், கொஞ்சிப் பார்த்தாள். அதற்குள் சோளத்தின் அடித்தோகை பழுத்து, நடுத்தோகை சுருள ஆரம்பித்திருந்தது. கிணற்றை எட்டிப் பார்த்தால் தண்ணீர் கைக்கெட்டும் உயரத்தில் நின்றது. நல்ல மழை கண்ட கிணறு, பச்சையாக, அசையாமல், வானத்தைக் காட்டிக்கொண்டு கிடந்தது.

ஒருநாள் மண்ணாங்கட்டியை எடுத்து ரூம் கூரையில் எறிந்து, "ஒடைக்க மாட்டியா? ஊரு பூரா ஒடைப்ப, இங்க மட்டும் ஒடைக்க மாட்டியா? போ, ஒடைக்காதான், ஒடைக்காதானுக்குப் பொறந்தவனே, போ" என்று கத்தினாள். மாடு ஓட்டிக்கொண்டு போனவர்கள் கேட்டுச் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவள் தினமும் அப்படித்தான் திட்டினாள். தினமும் யாராவது கேட்டார்கள். கீழத்தெருக்காரன் டீக்கடையில், "இன்னைக்கு ஒடைக்காதான் ஒடைச்சானா?" என்று விசாரித்தான். மேலத்தெருக்காரன், "ஒடைக்காதான் எப்படியப்பா ஒடைப்பான்" என்றான். சிரித்துச் சிரித்துப் பேர் நிலைத்துவிட்டது. பூட்டுக்கடிச்சானும் சாவிக்குருவியும் எங்கே போயின என்று தெரியவில்லை. எஸ்தர் டீச்சர் மட்டும் நாகஜோதியைப் பார்த்து, "உன்னாலதான் அதுக்குப் பேரு கெடைச்சது" என்றார். "பேரை வச்சு நான் பயிருக்கா ஊத்தப் போறேன், டீச்சர்?" என்று நாகஜோதி கேட்டாள்.

சிரிப்போடு போயிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். மாசி மாசம் கோயில் வாசலில் ஊர்க்கூட்டம் போட்டபோது, பேச்சு பூட்டில் ஆரம்பித்து மோட்டார் ரூமில் வந்து நின்றது. பிரசிடெண்ட் காளிராசு தொண்டையைச் செருமிக்கொண்டு, "குருவி எந்தப் பூட்டையும் விடல. இது ஒண்ணை விட்டுருக்குன்னா அர்த்தம் இல்லாம இருக்காது" என்றார். "ஞாயமான பூட்டுன்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கு."

கூட்டம் தலையாட்டியது. சவடமுத்து துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

நாகஜோதி எழுந்தாள். "அப்ப உங்க வீட்டுப் பூட்டு அநியாயப் பூட்டா, பிரசிடெண்டே?"

"அது வேற."

"ஸ்டேஷன் பூட்டு? மில்லுப் பூட்டு? இந்தா, இருக்காளே ஆத்தா, அவ பூட்டும் அநியாயமா?"

"ஏத்தா, சாமியை ஏன் இழுக்குற" என்று பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"நான் இழுக்கல. நீங்கதான் குருவிய இழுத்தீங்க. அது தானியம் தின்னுற ஜென்மம். அதுக்கு ஞாயம் தெரியுமா? உங்களுக்குத் தெரியும்ல. நீங்க சொல்லுங்க. எம் புருஷன் முறைத் தண்ணி எனக்கு உண்டா இல்லையா?"

யாரும் யாரையும் பார்க்கவில்லை. கேட்ட கேள்விக்கு ஒரு சொல் போதும், அந்த ஒரு சொல் அத்தனை பேரில் ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை. காளிராசு, "குருவியே சொன்ன பெறகு நாங்க என்னத்தா சொல்ல" என்று எழுந்தார். கூட்டம் கலைந்தது. அவள் கோயில் வாசலில் தனியாக நின்று, கையில் எதுவும் இல்லாததால், தன் முந்தானையையே முறுக்கிக்கொண்டிருந்தாள்.

அந்தக் கூட்டத்திலிருந்து இன்னொன்றும் ஆரம்பித்தது. ஊரில் உடையாத பூட்டு ஒன்றே ஒன்று இருக்கிறது என்பது எல்லார் மண்டையிலும் ஏறிவிட்டது. முதலில் காளிராசு தன் மனைவியின் காசுமாலையைத் தகரப் பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்து, "ஒரு ஓரமா வச்சுக்க, மாப்ள" என்றார். சவடமுத்துவுக்குப் பெருமையாக இருந்தது, வாங்கி வைத்தார். அடுத்து மில் தங்கராசு வந்தார். அடுத்துக் கோயில் பூசாரி அம்மனின் வெள்ளிக் கிரீடத்தோடு வந்தார். பிறகு வராதவர்கள் இல்லை. டிரங்குப் பெட்டி, பித்தளை அண்டா, பத்திரம் வைத்த பை, பட்டுச்சேலை மூட்டை, திருப்பூர்க்காரர்களின் டிவி, செத்துப்போன அப்பாவின் கைக்கடிகாரம், எல்லாம் வந்தன. பெட்டிகளுக்கும் தனித்தனியாகப் பூட்டுப் போட்டார்கள், ரூமுக்குள் குருவி வராதில்லையா. ஸ்டார்ட்டர் பெட்டியில் பொறி பறந்தால் சேலை பற்றிக்கொள்ளும் என்று பயந்து பீஸ் கட்டையைப் பிடுங்கி சுவர் மாடத்தில் வைத்தார்கள். மோட்டார் எங்கே இருக்கிறது என்று தெரியாத அளவுக்கு அதன்மேல் பெட்டி ஏறிக்கொண்டே போனது.

சவடமுத்து ஒரு ஓரமாக நகர்த்தி வைக்கச் சொல்லிப் பார்த்தார். "வெங்காயத்துக்குத் தண்ணி விடணும்ப்பா."

"நாளைக்கு விடலாம் மச்சான். எம் பெட்டி அடியில இருக்கு, மேல உள்ளவன் வரட்டும்" என்றார்கள்.

மேலே உள்ளவன் நாளைக்கு வந்தான், இன்னொரு பெட்டியோடு. சவடமுத்துவின் சின்ன வெங்காயம் தாள் சாய்ந்தது. சாவியைக் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டுக்கொண்டார். காலையில் ஒருத்தி கல்யாணத்துக்குப் போக மூக்குத்தி வேண்டும் என்பாள், திறந்து கொடுக்க வேண்டும். சாயங்காலம் கொண்டுவந்து வைப்பாள், திறந்து வாங்க வேண்டும். திண்டுக்கல் சந்தைக்குப் போகக் கிளம்பினால் பஸ் ஸ்டாப்பில் வழிமறித்தார்கள். சாவியை வைத்துவிட்டுப் போ என்றார்கள். யாரிடம் வைப்பது என்றால் ஒருவன் இன்னொருவனை நம்பவில்லை. இப்படி அவர் கிணற்று மேட்டிலேயே கயிற்றுக் கட்டிலைப் போட்டு உட்கார்ந்தார். ஒரு வரப்புக்கு இந்தப் பக்கம் நாகஜோதி காய்ந்த சோளத்துக்கு நடுவில் களை கொத்தினாள், அந்தப் பக்கம் அவர் காய்கிற வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டு கட்டிலில் கிடந்தார். இருவருக்கும் நடுவில் கிணறு நிறைந்து கிடந்தது. குருவி பூட்டில் உட்கார்ந்து பாடியது.

ஒரு மத்தியானம் அவர் கட்டிலில் இருந்தபடியே, "களை கொத்தி என்னாகப் போகுது, பயிரே இல்லாம?" என்றார். அவள் நிமிரவில்லை. "வெறுங்கையா ஒக்கார எனக்குத் தெரியாது மாமா" என்றாள்.

பங்குனி பிறந்ததும் வத்தலக்குண்டு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. சவடமுத்துவின் மகளுக்குத் தலைப்பிரசவம், ஏதோ சிக்கல், ஆபரேஷன் பண்ண வேண்டும், அப்பாவைப் பார்க்க வேண்டும் என்று பிள்ளை அழுகிறாள் என்று அங்கே துணைக்குப் போயிருந்த அவருடைய மனைவி சொன்னாள். சவடமுத்து சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். கிணற்று மேட்டுக்குக் கீழே ஊர் கூடிவிட்டது.

"சாவி?" என்றார் காளிராசு.

"நீயே வச்சுக்க."

"அவர் வச்சா எம் பெட்டியை நான் இப்பவே எடுத்துக்குறேன்" என்றார் மில் தங்கராசு. அப்படியானால் தங்கராசு வைத்துக்கொள்ளட்டும் என்றதற்குப் பூசாரி ஒத்துக்கொள்ளவில்லை. பூசாரி என்றதற்கு உசேன் ஒன்றும் சொல்லவில்லை, உசேனுக்குப் பின்னால் நின்றவர்கள் வேண்டாம் என்றார்கள். பேசப் பேச நேரம் போனது. மகள் அங்கே மேஜையில் படுத்திருப்பாள் என்ற நினைப்பில் சவடமுத்து பஸ் வருகிற பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது யாரோ, "உள்ள ஒரு துரும்புகூட வைக்காத ஆளு யாரு?" என்று கேட்டார்கள். எல்லாரும் யோசித்தார்கள். பிறகு எல்லாரும் ஒன்றாகச் சோளக்காட்டுப் பக்கம் திரும்பினார்கள்.

நாகஜோதி களைக்கொத்தை ஊன்றிக்கொண்டு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்தவ. பூட்டுல கை வைக்க மாட்டா" என்றார் காளிராசு.

சவடமுத்து வரப்பில் இறங்கி வந்தார். தம்பி செத்த பிறகு அவள் நிலத்தில் அவர் கால் வைத்தது அதுதான் முதல்முறை. கழுத்துக் கயிற்றைக் கழற்றி நீட்டினார். "வச்சிருத்தா. புள்ளையப் பாத்துட்டு வந்துர்றேன்."

"நான் தொட்டா கேஸாகும் மாமா."

"கேஸு பூட்டுக்குத்தான். சாவிக்கு என்னா கேஸு."

அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். "நல்லபடியா பெத்துப் பொழைக்கட்டும். போயிட்டு வாங்க" என்றாள். மனதாரத்தான் சொன்னாள். அவர் ஓட்டமும் நடையுமாகப் போனார். ஊரும் நிம்மதியாகக் கலைந்தது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. காலையில் மும்முனைக் கரண்டு வந்ததற்கு அடையாளமாகத் தூரத்துத் தோட்டங்களில் மோட்டார்கள் இரையத் தொடங்கியதும் நாகஜோதி கிணற்று மேட்டில் ஏறினாள். குருவி பூட்டின் மேல் உட்கார்ந்திருந்தது. "தள்ளு" என்றாள். தள்ளி உட்கார்ந்தது. சாவியைப் போட்டுத் திருப்பினாள். இத்தனை நாள் கல்லுக்கும் கும்பிடுக்கும் அசையாத பூட்டு எண்ணெய் போட்டதுபோலத் திறந்துகொண்டது. அவள் கதவைத் தள்ளினாள். இவ்வளவுதானா என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

பிறகு ஒவ்வொரு பெட்டியாக வெளியே தூக்கினாள். எதையும் எறியவில்லை, எதையும் திறக்கவில்லை. அண்டாவை வேப்பமரத்து நிழலில் வைத்தாள், டிவியைச் சவடமுத்துவின் கட்டிலில் வைத்தாள், கிரீடத்தைத் தொட்டுக் கும்பிட்டு மஞ்சள் துணியோடு மாடத்தில் வைத்தாள், டிரங்குப் பெட்டிகளை வரப்பு நெடுக வரிசையாக இறக்கினாள். முதுகு விட்டுப்போனது. வெயிலில் பெட்டிகளின் சின்னச் சின்னப் பூட்டுகள் மின்னியதும் குருவிகள் கூட்டமாக இறங்கின. கடக், கடக், கடக் என்று வரப்பின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை சத்தம் போனது.

சத்தம் கேட்டு ஊர் ஓடிவந்தது. வந்தவர்கள் அவளைத் திட்டுவதற்கு வாயெடுத்தார்கள். ஆனால் மூடி திறந்து கிடந்த பெட்டிகளை முதலில் பார்க்க வேண்டியிருந்தது. தங்கராசுவின் பெட்டியில் ஓடிப்போன மகளின் பள்ளிக்கூடத்துச் சட்டைகள் அடுக்கியிருந்தன. காளிராசுவின் காசுமாலையில் பாதிக் காசு கவரிங் என்று எல்லாருக்கும் தெரிந்தது. இன்னொரு பெட்டியில் அந்துருண்டை நாற்றத்தோடு பழைய சேலைகளும் ஒரு காலி சென்ட் பாட்டிலும் இருந்தன. ஒருவர் பார்க்கிறார் என்று இன்னொருவர் அவசரமாக மூடினார், மூடிய பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டார்கள்.

"யாரைக் கேட்டுத் தொறந்த?" என்றார் காளிராசு. குரலில் பாதி பலம்தான் இருந்தது.

"ஒடைக்க மாட்டேன்னுதான் எழுதிக் குடுத்தேன். தொறக்க மாட்டேன்னு எழுதல."

"ஏட்டைக் கூப்புடுறேன்."

"கூப்புடுங்க. உள்ள இருந்ததை எல்லாம் அவரும் பாக்கட்டும்."

காளிராசு பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு நடந்தார். ஒவ்வொருவராகப் பின்னால் போனார்கள். நாகஜோதி மாடத்திலிருந்த பீஸ் கட்டையை எடுத்துச் சொருகினாள், ஸ்டார்ட்டரை அமுக்கினாள். மோட்டார் ஒருமுறை இருமியது, ஒருமுறை முனகியது, பிறகு பிடித்துக்கொண்டது. குழாயில் முதலில் காற்று வந்தது, அப்புறம் செத்த ஓணான் ஒன்று வந்தது, அப்புறம் தண்ணீர் வந்தது. அவள் வாய்க்காலோடு நடந்துபோய்த் தன் மடையை வெட்டிவிட்டாள். தண்ணீர் சருகைத் தள்ளிக்கொண்டு, நுரை கட்டிக்கொண்டு, வெடித்த நிலத்துக்குள் இறங்கி இறங்கிக் காணாமல் போய், மறுபடி மேலே வந்து நகர்ந்தது. சோளம் எப்போதோ செத்துவிட்டது. தண்ணீர் பட்டதும் தட்டைகள் நிறம் மட்டும் மாறின.

பொழுது சாய்கிற நேரத்தில் சவடமுத்து வந்தார். வழியிலேயே அவருக்கு எல்லாம் சொல்லியிருப்பார்கள். மேட்டில் கதவு திறந்து கிடந்த ரூமைப் பார்த்தார், தன் வெங்காயப் பாத்தியைப் பார்த்தார், தம்பி நிலத்தில் கணுக்கால் அளவு நின்ற தண்ணீரைப் பார்த்தார்.

"புள்ளைக்கு எப்படி இருக்கு?" என்று நாகஜோதி கேட்டாள்.

"பொம்பளப் புள்ள. ரெண்டு உசுரும் பொழைச்சுருச்சு."

"நல்லது."

அவர் வாய்க்கால் ஓரமாக வந்து நின்றார். வெங்காயத்தில் பாதியாவது இன்றைக்குத் தண்ணீர் கண்டால் பிழைக்கும். அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். மண்வெட்டி அவள் கையில் இருந்தது. அவர், "காஞ்சுபோன பயிருக்கு எதுக்குத்தா தண்ணி?" என்று கேட்டார்.

"பயிருக்கு இல்ல மாமா. இன்னைக்கு செவ்வாக்கிழமை. எம்முறை."

அவள் அடுத்த பாத்திக்கு மடை திருப்பப் போனாள். சவடமுத்து செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பில் குந்தினார். கரண்டு நிற்க இன்னும் நேரம் இருந்தது. அதுவரைக்கும் தண்ணீர் அவள் பக்கமே ஓடியது.